அறுபது கிலோமீட்டர் ஜாமீன்

தம்பி சங்கரபாண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அன்றே செண்பகவல்லியின் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். அவள் வீட்டிலிருந்து அவன் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறான் என்று அது காட்டும். அறுபதைத் தாண்டக் கூடாது.

“ஜாமீன்தாரர்னா, உங்க தம்பி ஓடிட்டா அவருக்குப் பதிலா நீங்க உள்ள இருக்கணும்மா” என்றார் நீதிமன்றக் குமாஸ்தா. எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதானே என்று அவளும் தலையாட்டினாள்.

இன்று மத்தியானம் பட்டையில் ஐம்பத்து நான்கு காட்டியது. உடனே போன் போட்டாள்.

“எங்கலே இருக்க?”

“வீட்லதாங்க்கா. நீ சாப்ட்டியா?”

அவன் குரலுக்குப் பின்னால் கண்டக்டர், “தென்காசி எல்லாம் எறங்கு” என்று கத்துவது கேட்டது.

“அங்கனயே எறங்கிரு, பாண்டி. திரும்பி வந்துரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி அழைத்தபோது அணைத்திருந்தான். ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது ஆனதும் செண்பகவல்லி ஜன்னலுக்கு ஓடி, எதிர்வீட்டு ரோசம்மாளைக் கூப்பிட்டாள்.

“நாலு மணிக்கு எம் புள்ளயப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டியாந்து உங்க வீட்ல வச்சுக்கிடுங்க மைனி.”

“அதுக்கென்ன. இன்னைக்கு மட்டுந்தானே?”

அவள் பதில் சொல்வதற்குள் பட்டையில் அறுபத்தொன்று காட்டியது. வாசல் கதவு தானாகவே பூட்டிக்கொண்டது.