கடைசித் தொகுப்பு

ஆம்புலன்ஸ் உதவி மையத்தில் டேட்டாபேஸ் நிரம்பி, போன்கள் ஊமையாகிவிட்டன. மேற்பார்வையாளரே கணினி முன் உட்கார்ந்தார். பழைய அழைப்புப் பதிவுகளை அழித்துவிட்டு டேட்டாபேஸ் ஃபைலின் அளவைப் பார்த்தார். இம்மியும் குறையவில்லை. இன்னும் அழித்தார். ஊஹூம்.

மிஞ்சியது, யாரையும் தொடவிடாமல் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே பதிவுத் தொகுப்பு. எங்கே எந்த உயிர் ஊசலாடுகிறதோ! பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழித்தார். அளவு அசையவே இல்லை.

டேட்டாபேஸ் பார்க்கும் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அழிச்சா ஃபைல் சின்னதாகாது சார்! உள்ளுக்குள்ளதான் இடம் காலியாகும். நீங்க முதல்ல அழிச்சதே தாராளம். சர்வரைத் திரும்பக் கிளப்பினா போதும்."

"அப்போ... கடைசியா அழிச்சது?"

"புது அழைப்பு அதுமேல பதிவாகிற வரைக்கும் உள்ளேயேதான் கிடக்கும். இன்னும் ஒரு மணி நேரம் போனை நிறுத்தி வெச்சா மீட்டுடலாம். அதுல என்ன சார் இருக்கு?"

"என் சம்சாரம் இங்கே வேலை பார்த்தப்போ, 'பதறாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்'னு பேசின குரல். அவ போனப்புறம் எனக்கு மிச்சம் அதுதான்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கிளப்பும்மா" என்றார்.

உடனே ஒரு போன் அலறியது. அவரே எடுத்தார்.

"பதறாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."