எலியக்கா நீட்டிய கை

"சார், நீங்க உள்ளே வரக் கூடாது. காலையில தும்மினீங்க."

எலி அறை வாசலில் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள் எலியக்கா. தடுத்தது யாரை? அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே தலைவரான பேராசிரியரை! அதுவும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது.

பின்னால் நின்ற மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"என்னம்மா இது, சாரையே நிறுத்துறீங்க?"

"சார் யாரு, மேனேஜர் யாருன்னு எலிக்குத் தெரியாதுங்களே!"

எலியக்கா என்பது பட்டப்பெயர். அங்கிருக்கும் எலிகளைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொள்வது அவள்தான். எல்லாமே பரம்பரையாக வரும் தசை நோயோடு பிறந்த எலிகள். பெரியவருடைய பேரனுக்கும் அதே நோய். அதனால்தான் அவர் பணம் கொடுக்கிறார். அதனால்தான் இன்று நேரில் பார்க்கத் துடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஒரு தும்மலுக்கா இவ்வளவு பயம்?" என்றார் பெரியவர்.

"ஐயா, நல்ல எலியோட செல்லை எடுத்து இதுங்க தசையில ஊசி போட்டிருக்கோம். வெளியாளுன்னு உடம்பே அதை அடிச்சு விரட்டிடும். அதனால எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்க மருந்து குடுக்கிறோம். விருந்தாளியைக் கடிக்காம இருக்க வீட்டு நாயைக் கட்டிப்போடுற மாதிரி. ஆனா அந்த நேரம் பார்த்துத் திருடன் வந்தா? நாய் கட்டித்தானே கிடக்கும்! யாரோட சளியாவது தொத்திக்கிட்டா மொத்தக் கூண்டும் காலி. ஆராய்ச்சியே போச்சு."

பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் சளிதான். நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிறேன்" என்று ஒதுங்கினார்.

பெரியவர் நெளிந்தார்.

"அப்படின்னா... எனக்கும் ஜலதோஷம்தான். நானும் ஜன்னல் பக்கமே வந்துடறேன்."

இருவரும் தோளோடு தோள் உரச நின்று எட்டிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் பிடி நழுவி நழுவி விழுந்த ஓர் எலி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று தொங்கியது.

"விடமாட்டேங்குது பாருங்க! கெட்டிக்காரன்!" பெரியவர் கைதட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் பேராசிரியர் எலியக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சீட்டு கிழிஞ்சுது" என்று மேனேஜர் முணுமுணுத்தார். எலியக்காவின் கவலையோ வேறு. இந்த வேலை போனால் எலிகளை யார் பார்ப்பது?

"ஏம்மா, காலையில நான் தும்மினேனா?"

அவள் தலைகுனிந்தாள்.

"இல்ல சார். ஐயாதான் கார்லேர்ந்து இறங்கும்போதே தும்மிக்கிட்டிருந்தாரு. பேரனுக்காக ஆசை ஆசையா வந்தவரை, மூஞ்சிக்கு நேரா எப்படிப் போகாதீங்கன்னு சொல்றது? உங்களை நிறுத்தினா அவரே புரிஞ்சுப்பாருன்னு... தப்புதான் சார்."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் திருதிருன்னு முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நீ கையை நீட்டினதும்தான் உயிரே வந்துச்சு. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடு. வராத சளியை உறிஞ்சி உறிஞ்சி மூக்கு எரியுது!"

அப்போது போன் அடித்தது. பெரியவர். பேராசிரியர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த அம்மாவைத் திட்டிடாதீங்க. வழியெல்லாம் உங்ககூடத்தானே கார்ல வந்தேன்? நீங்க ஒரு தடவைகூடத் தும்மலைன்னு எனக்குத் தெரியாதா?"

எலியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு என் பேரனுக்கு இந்த வைத்தியம் பார்க்கிற காலம் வந்தா, அவன் ரூம் வாசல்லயும் அந்த அம்மாவே நிக்கணும். நானே வந்தாலும் தடுக்கணும்."