தறி ஓடாத தெரு

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கோவர்த்தனன் ஒரே மணல் மூட்டையில் ஏணியையும் கரண்டுக் கம்பியையும் அடித்திருந்தான்.

புயல் வருவதற்குள் விசைத்தறிக் கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டுகள் மேல் மூட்டை அடுக்கிவிடலாம் என்று ஏறியவன் அவன். ஆறு மூட்டைகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தன. ஏழாவது கை நழுவி உருண்டு, கம்பத்திலிருந்து வரும் கம்பியை அறுத்து, போகிற போக்கில் ஏணியையும் கூட்டிக்கொண்டு வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் விழுந்தது.

செல்போன் சட்டைப் பையில் இருந்தது. சட்டை ஏணியில் தொங்கியது. ஏணி தண்ணீருக்கடியில் படுத்திருந்தது.

மனைவி தேவயானி ரேஷன் கார்டையும் டார்ச்சையும் கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். "நீயும் வாய்யா" என்று அவள் மூன்று தடவை கூப்பிட்டதை நினைத்துப் பார்க்க இப்போது அவனுக்கு நிறைய நேரம் இருந்தது.

மணி நாலுதான். வானம் அடுப்படிச் சுவர்போலக் கறுத்திருந்தது. காற்று மோதும்போதெல்லாம் காலடியில் ஷீட் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தது. ஆந்திர எல்லை ஊரான நகரியின் அந்தத் தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் யாரோ நின்று கவனிப்பதுபோன்ற அமைதி.

"மேல இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க, மொதலாளி?"

முழங்கால் தண்ணீரில் மாசிலாமணி நின்றிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை இதே கொட்டகையில் தறி ஓட்டியவன். கம்பி தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லப்போய், "நீ இன்னா லைன்மேனா?" என்று கோவர்த்தனன் எகிறியதில் அன்றைக்கே நாயுடுபேட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். பிறகு ஒரு சேதியும் இல்லை.

"எப்படா வந்த?"

"காத்து ஜாஸ்தியா இருக்குதேன்னு வந்தேன்."

"பஸ்ஸே ஓடல. எதுல வந்த?"

"வந்துட்டேன் இல்ல?"

மாசிலாமணி எப்போதும் இப்படித்தான். துன்னியா என்று கேட்டால் இன்னா கொழம்பு என்று திருப்பிக் கேட்கிறவன். நாலு தறிக்கு முதலாளி, கூரைமேல் பனியனோடு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

"அன்னிக்கி நான் அப்டி பேசியிருக்கக் கூடாதுடா."

"அத உடுங்க. அப்புறமாவது கம்பிய மாத்துனீங்களா?"

"இல்லடா."

மாசிலாமணி சிரித்தான். "பின்பக்கம் பிரபாகர் அண்ணன் மாடி ஒட்டிக்கினுதான இருக்குது. ஒரே தாண்டு. அப்டிப் போயிடுங்க."

"அவன் மாடியிலயா? செவுத்துத் தகராறுல அவங்கூடப் பேசி மூணு வருசமாவுது. எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

"இதே மூஞ்சிதான். வேற வச்சிருக்கீங்களா?"

படாரென்று ஒரு சத்தம். கொட்டகையின் கோடியில் ஒரு ஷீட் பிய்த்துக்கொண்டு பறந்து, எதிர்ச் சுவரில் சிதறியது. கோவர்த்தனன் உட்கார்ந்திருந்த ஷீட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. இனி இங்கே இருந்தால் ஷீட்டோடு அவனும் போகவேண்டியதுதான்.

கீழே பார்த்தான். அறுந்த கம்பியின் முனை மாசிலாமணியின் காலுக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீரில் கிடந்தது.

அறுந்த கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று காலையில் ஆட்டோவில் மைக் கட்டித் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது சரி. தறித் தெருக்காரனுக்கு டெஸ்டர் எதற்கு, காது போதும். தறி ஓடினால் கரண்டு உண்டு, நின்றால் இல்லை. தொட்டில் குழந்தைகூட அதை வைத்துத்தான் விழிக்கும்.

"ஒரு தறியும் ஓடல பாரு. கரண்டு போயிடுச்சி. நான் எறங்கறேன்."

"புயலுன்னு எல்லாரும் தறிய நிறுத்திட்டுத்தான போனாங்க?"

"அப்ப கரண்டு இருக்குதுன்றியா?"

"பிரபாகர் அண்ணன் மாடி பக்கம்னு சொல்றேன்."

"கேட்டதுக்கு பதில் சொல்லுடா. நீயே அந்தத் தண்ணியிலதான நின்னுக்கினு இருக்க? உனக்கு இன்னா ஆயிடுச்சி?"

மாசிலாமணி தன் கால்களைக் குனிந்து பார்த்தான்.

கோவர்த்தனனுக்கு அது போதுமாக இருந்தது. குப்புறப் படுத்து, கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்களைக் கீழே விட்டான். கட்டைவிரலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கைகள் வழுக்கத் தொடங்கின.

"மொதலாளி, வேணாம். மேல ஏறுங்க."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தியது. கால்களை மடக்கிக்கொண்டு தொங்கியபடியே கத்தினான்.

"ஜென்மத்துல ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லித் தொலைடா. இருக்குதா, இல்லையா?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தான். சொல்ல மனசில்லாத முகம்.

"கரண்டு இருக்குது மொதலாளி. நான்தான் இல்ல."