வலித்தால் கையைத் தூக்கு

சாய்வு நாற்காலியில் டாக்ஸி ஓட்டுகிறவள் வாயைத் திறந்து படுத்திருக்கிறாள். விளக்கின் வெள்ளை வட்டம் அவள் உதட்டில் விழுகிறது. மேலே குனிந்திருக்கும் பல் டாக்டர் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். "வலிச்சா கையைத் தூக்கு, நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டு, பல்லைக் குடையும் கருவியோடு பேச்சையும் சேர்த்தே ஓட்டுகிறாள். "நாளைக்கு நம்ம செட்டு மொத்தமும் ஸ்கூல்ல கூடுதுடி." கை விருட்டென்று மேலே போகிறது. கருவி நிற்கிறது. "பல்லா?" இல்லை என்று தலை ஆடுகிறது. வாயில் பஞ்சோடு குழறுகிறாள்: "பன்னெண்டாவதுல பாதியில நின்னவடி நான். பரீட்சையே எழுதல." "தெரியும். வாயைத் திற."

கருவி மறுபடி ரீங்கரிக்கிறது. எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரம் களகளக்கிறது. டாக்டர் விடுவதாக இல்லை. "கடைசி நாள் போட்டோவுல உன் இடத்தைக் காலியா விட்டுட்டுத்தான் நின்னோம். நடு வரிசையில பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. நாளைக்கும் அதே வரிசையில நிக்கப் போறோம். ஊர்ல இருக்கிறவங்க பல்லு ஓட்டையெல்லாம் அடைக்கிறேன், இதை விட்டுட்டா நான் என்னடி டாக்டர்?" நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. "நாளைக்கு வர்றவங்கல்லாம் கையைத் தூக்குங்க!" என்கிறாள் டாக்டர், பழைய வகுப்பு டீச்சரின் குரலில்.

டாக்ஸிக்காரியின் கை மெல்ல எழுகிறது. பழக்கதோஷத்தில் கருவி நிற்கிறது. "வலிக்குதா?"

இல்லை என்று தலை ஆடுகிறது. கை இறங்கவில்லை.