ஒல்லி டயர்

சோகமோசோ என்ற மலையூரின் காலை வெயில் பட்டறைக் கதவிடுக்கில் நுழைந்து, திருகி இறுக்கும் வைஸில் மாட்டியிருக்கும் சிவப்புப் பந்தய சைக்கிளின் மேல் விழுகிறது. அதில் ஒரு காலத்தில் மலையேறிப் பேர் வாங்கிய எலியேசர், இப்போது அதன் பின்சக்கரத்தை ஒட்டிய குழாயை நசுக்க வேண்டும். மகள் யூரானி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் மலைமேலே, பாதை முழுக்கக் கல். அவள் இதில் போய்வர வாங்கிய தடித்த டயர் அந்தக் குழாயில் உரசுகிறது. வைஸின் கைப்பிடியைப் பிடித்தவர், பனேலா வெல்லத் தண்ணீர் பொங்குகிறதா என்று மறுபடியும் அடுப்பை எட்டிப்பார்க்கிறார்.

"என்னப்பா, கை வரமாட்டேங்குதா?" பக்கத்தில் நிற்கும் யூரானி கேட்கிறாள்.

"ஒருதடவ நசுக்கிட்டா நசுக்குனதுதான்மா. அப்புறம் இது பந்தயத்துக்கு ஆகாது."

"இனிமே யாரு போகப்போறா? பதினாறு வயசுல நான் போறேன்னு கேட்டேன். 'பொம்பளப்புள்ளைக்கு என்ன பந்தயம்'னு தூக்கி ஆணியில மாட்டுனீங்க. அன்னைக்கு இந்த ஒல்லி டயரே எனக்குப் போதுமா இருந்திருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

எலியேசர் கைப்பிடியைத் திருகுகிறார். குழாய் நசுங்க, முட்டை ஓடு உடைவதுபோல் சிவப்புப் பெயிண்ட் நொறுங்கி உதிர்கிறது. தடித்த டயரை மாட்டிச் சுற்றிவிடுகிறாள் யூரானி. எங்கும் உரசாமல் சுற்றுகிறது. கழற்றிய ஒல்லி டயரை எடுத்துப்போய், சைக்கிள் இத்தனை வருஷம் தொங்கிய ஆணியில் மாட்டுகிறார் அவர். உடனே கழற்றிவிடுகிறார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.