பத்தாவது துறை

"ரெண்டா? பத்துக்கு ரெண்டு மார்க்கா போட்டிருக்கான் அந்தக் கத்தரிக்கோல்?"

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள். தம்பி திரையைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தான். இரண்டுதான். உற்றுப் பார்த்தால் மார்க் கூடிவிடுமா என்ன?

அந்த மாடி அறையில் மூன்று மேஜைகள். இரண்டில் அக்காவும் தம்பியும் வேலை செய்தார்கள். மூன்றாவதில் பழைய வயர்களும் காய்ந்துகொண்டிருந்த துண்டும் கிடந்தன. அது ஒரு காலத்தில் கத்தரிக்கோல் உட்கார்ந்த இடம். இவர்கள் எதைச் செய்து காட்டினாலும் "இதை வெட்டு, அதை வெட்டு" என்பான். அதனால் அந்தப் பெயர். அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், இப்போது ஒரு பத்திரிகையில் வீடியோ கேம் விமர்சகன்.

இவர்கள் செய்திருந்த கேமில் ஒரு படகுக்காரன், காணாமல்போன மகளைத் தேடி ஆற்றில் பத்துத் துறைகளைக் கடந்து போவான். கதையும் படங்களும் அக்கா, மற்றதெல்லாம் தம்பி. தான் தேர்ந்தெடுத்த எட்டு விமர்சகர்களின் சராசரி மார்க் எட்டைத் தொட்டால் கேமை வெளியிடுவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. தொடாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். ஏழு பேர் எட்டும் ஒன்பதுமாக அள்ளிக் கொடுத்திருந்தார்கள். கத்தரிக்கோலின் இரண்டு வந்து எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டது.

"மத்தவங்க எழுதினதைக் கேளு" என்று அக்கா படித்தாள். "'கடைசித் துறையில் மகள் கையசைக்கும்போது என் கண்கள் கலங்கிவிட்டன.' என் மனசுக்குள்ள பூந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கார். இவர் மனுஷன்."

"கத்தரிக்கோல் என்ன எழுதியிருக்கான்னு படிக்கட்டாக்கா?"

"படிச்சே, உன்னோட பேச மாட்டேன். அவன் மனசுல என்ன இருக்குன்னு மார்க்கே சொல்லுதே. அப்புறம் எதுக்கு எழுத்து?"

"போன வாரம் ரெண்டு தடவை போன் பண்ணினான்."

"எடுத்தியா?"

"எடுக்கல. நீதானே எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தே."

"குத்திக் காட்டத்தான் பண்ணியிருப்பான். விடு."

மதியம் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். அக்கா பழைய சண்டையைச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

"அவருக்கும் உங்களுக்கும் பழைய தகராறு இருக்குன்னு எழுதிக் குடுங்கம்மா. அந்த மார்க்கைத் தள்ளிடலாம். ஆனா அவர் பத்திரிகைக்கும் சொல்லியாகணும். அவர் வேலைக்கே சிக்கல் வரலாம். நல்லா யோசிச்சுக்குங்க."

அக்கா யோசிக்கவில்லை. உடனே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தம்பிக்குத்தான் ஏதோ உறுத்தியது.

"அக்கா, அவன் முரடன்தான். ஆனா அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல."

"அவன் இல்லாமலே முடிச்சுட்டோம்ங்கிற வயித்தெரிச்சல்டா. வயித்தெரிச்சல் வந்தா உண்மையாவது பொய்யாவது."

தம்பி என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் அவள் இல்லை. எழுதி முடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்காரரே மறுபடி பேசினார்.

"வாழ்த்துகள்மா. இப்ப சராசரி எட்டரைகிட்ட வருது. ஒப்பந்தம் போட்டுடலாம். அந்த விமர்சகரைப் பத்திரிகையில நிறுத்திட்டாங்களாம், கேள்விப்பட்டேன்."

"அப்படியா சார்" என்றாள் அக்கா. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"கடைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க ஒரு தடவை ஆடிப் பார்ப்பாங்க. விமர்சகர்களுக்கு அனுப்பினீங்களே, அதே பிரதியை எங்களுக்கும் அனுப்பிடுங்க."

தம்பி அன்று அனுப்பிய மெயிலைத் தேட ஆரம்பித்தான். அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள். ஜெயித்தாகிவிட்டது, இனிமேல் எதிரியின் எழுத்தைப் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கத்தரிக்கோலின் விமர்சனத்தை முதல் தடவையாகத் திறந்து, நாடகம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தாள்.

"'மூன்றாவது துறை வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து மறுபடி மறுபடி ஆடிப் பார்த்தேன். செய்தவர்களைக் கேட்கலாம் என்றால் போனை எடுக்கவில்லை. வந்தவரை நன்றாகவே இருந்தது. ஆனால் கையில் இருப்பதற்குத்தான் மார்க் போட முடியும்.'"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாய் கூசாம எப்படிப் புளுகறான் பாரு. மூணாவது துறையோட நின்னுடுதாம். இவனை வேலையை விட்டு அனுப்பினது தப்பே இல்ல."

தம்பி சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"அக்கா, அன்னிக்கு அவசரத்துல மாத்தி அனுப்பிட்டேன். போனது நாம சோதனைக்கு வெச்சிருந்த பழைய பிரதி. அதுல மூணு துறைதான் இருக்கு."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "கத்தரிக்கோலுக்கா?"

"எட்டுப் பேருக்கும் ஒரே மெயில்தான் அக்கா."

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அந்த மெயிலின் அடியில், கேமைப் பற்றி அவளே எழுதிக் கொடுத்திருந்த அறிமுகக் குறிப்பு இருந்தது: 'கடைசித் துறையில் மகள் கையசைக்கும்போது உங்கள் கண்கள் கலங்கிவிடும்.'