அடுப்போர முக்காலி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், தவமணியின் மகளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார்கள். புது சோபாவின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை, தொட்டால் சில்லென்கிறது. மாப்பிள்ளையின் அம்மா கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சமையலறைத் திரையையே பார்க்கிறாள். அதன் அடியில் செம்மஞ்சள் வெளிச்சம் அசைகிறது. உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். அவள் எழுந்துபோய்த் திரையை விலக்குகிறாள். "ஐயோ, அங்க வேணாம்லா அக்கா, ஒரே கரி!" என்று தவமணி பதறுகிறாள். விறகடுப்பைச் சுற்றித் தேய்ந்த முக்காலிகள். மேலே கொடியில் காலுறைகள் காய்கின்றன. வந்தவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து குளிர் காய்கிறாள். "இதமா இருக்கே! நீ எப்பவும் எங்க உக்காருவேம்மா?" தேத்தண்ணி வடிகட்டிக்கொண்டிருந்த தவமணியின் மகள் தயங்குகிறாள். "நீங்க உக்காந்திருக்கிறதுலதான், அத்தை."